ஓசைப்படாத கதவு

அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஜோதி ஒரு வாரமாகப் பிடித்த பிடிவாதம் கடைசியில் ஜெயித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் சகாதேவன் சலவை வேட்டியும் கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற சட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். பம்புசெட் மெக்கானிக்கின் நகக்கண்களில் இருந்த கிரீஸ் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி உண்ணாமலை அவரைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் அவள் எழுதிய 'ஐந்தேகால் பஸ்' என்ற நாவல் இன்றைக்குப் பரிசுக்கு நிற்கிறது. வடாற்காடு இளைய வாசகர் மன்றம் பள்ளிப் பிள்ளைகளுக்கான நாவல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பரிசு. கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று புத்தகங்களில் அவளுடையதும் ஒன்று.

பரிசு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இல்லை. சகாதேவன் விழா மண்டபத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்கப் போகிறார் என்பதுதான் பயம்.

அவர் அதைப் படிக்கவில்லை. புத்தகம் அச்சாகி வந்த அன்று அட்டையைத் தடவிப் பார்த்தார். அவள் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல வாசித்தார். "எனக்குக் கதை படிச்சா தூக்கம் வந்துடும் உண்ணாமல" என்று சொல்லிச் சிரித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அது என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அது அவர் தங்கை எல்லம்மாளின் கதை.

உண்ணாமலை அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முந்தின வருஷம் நடந்தது. பதினாறு வயது எல்லம்மாள் மேலே படிக்க வேண்டும் என்றாள். அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்தார். நிச்சயதார்த்தத்துக்கு விடிந்தால் ஆள் வரப்போகிறது என்ற நிலையில், இருட்டோடு இருட்டாக அவள் கதவைத் திறந்துகொண்டு போய் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவர் இறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் சொல்லவில்லை. ஜோதிக்கு அப்படி ஓர் அத்தை இருப்பதே தெரியாது.

நாவலில் எல்லம்மாளின் பெயர் வேம்பு. ஊர் பெயரையும் மாற்றியிருந்தாள். ஆனால் சொந்த வீட்டைச் சகாதேவன் அடையாளம் கண்டுகொள்ள மாட்டாரா?

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஜோதி ஆரம்பித்தாள்.

"அப்பா, ஜட்ஜுங்க யாருன்னு தெரியுமா? எல்லாம் எங்க மாதிரி பசங்கதான். எட்டாவது, ஒம்பதாவது படிக்கறவங்க. மேடையில உக்காந்து எல்லார் எதிர்லயும் பேசுவாங்களாம். அப்பறம் கை தூக்குவாங்களாம்."

"பெரியவங்க யாரும் இல்லியா?"

"பெரியவங்க பேசவே கூடாதாம்."

"நல்லாத்தான் இருக்குது" என்று சகாதேவன் சிரித்தார். உண்ணாமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவண்ணாமலை பெரிய தெருவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலில் நூற்றுக்கணக்கான ரப்பர் செருப்புகள் குவிந்திருந்தன. பெரும்பாலும் சின்னச் செருப்புகள். ஊசி குத்தியவை, வார் மாற்றியவை. உண்ணாமலை தன் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மண்டபம் முழுக்கப் பிள்ளைகள். போளூர், ஆரணி, வந்தவாசி, செங்கம் என்று ஊர் ஊராகப் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். நீலப் பாவாடை, காக்கி டிராயர், பச்சைத் தாவணி. கிட்டத்தட்ட எல்லார் மடியிலும் ஒரு புத்தகம் இருந்தது. சிலது பழுப்புத் தாள் அட்டை போட்டது. சிலதில் எண்ணெய்க் கறை. ஒரு பெண்ணின் கையில் 'ஐந்தேகால் பஸ்' முதுகு பிரிந்துபோய், கோணி ஊசியால் சணல் போட்டுத் தைத்திருந்தது.

அத்தனை பேர் படித்துக் கிழிந்திருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் தலையில் மாட்டிய கருவியில் முகம் தெரியாத குரல்களை மட்டுமே கேட்டுப் பழகியவள் அவள். எழுதும்போதும் அப்படித்தான். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாது. இப்போது அந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தன.

மன்றத்தின் செயலாளர் ராமகிருஷ்ணன் ஓடிவந்தார். ஊரில் அச்சகம் வைத்திருப்பவர்.

"வாங்கம்மா. எழுத்தாளருங்களுக்கு முன்வரிசை. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பசங்க என்ன சொன்னாலும் நீங்க பதில் சொல்லக்கூடாது. முடிஞ்சப்பறம்தான் மைக்கு."

சகாதேவன் முன்வரிசைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். பின்னால், பெற்றோர்களோடு ஒரு மர நாற்காலியில் ஜோதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் ராக்கெட்டில் போகும் இரட்டையர்களின் கதை. அடுத்தது ஒரு குஸ்திக்காரச் சிறுவனின் கதை. மேடையில் இருந்த பிள்ளைகள் தயவு தாட்சண்யம் இல்லாமல் பேசினார்கள். நல்ல இடத்தைச் சொல்லும்போது கூட்டம் தலையாட்டியது. சப்பென்று இருந்த இடத்தைச் சொல்லும்போதும் தலையாட்டியது. குஸ்திக் கதை எழுதியவர் உண்ணாமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணாவது, 'ஐந்தேகால் பஸ்'" என்றார் ராமகிருஷ்ணன்.

செங்கத்திலிருந்து வந்திருந்த காசி என்ற பையன்தான் முதலில் எழுந்தான். ஒல்லியாக, எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை.

"கதை எனக்குப் புடிச்சிது. வேம்பு பஸ்ஸுக்கு ஓடற எடத்துல எனக்கே மூச்சு வாங்கிச்சி. ஆனா ஒரு எடத்த மட்டும் நம்ப முடியல" என்றான். "கதவு."

உண்ணாமலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வூட்டுக் கதவத் தொறந்தா கொட்டாயில இருக்கற எருமை எழுந்து நிக்கும்னு ரெண்டாவது அத்தியாயத்துல எழுதியிருக்காங்க. அவ்ளோ சத்தம். அப்பறம் வேம்பு போறப்ப அந்தக் கதவு சத்தமே போடல. ஒருத்தரும் முழிச்சிக்கல. எப்படி? எழுதனவங்க மறந்துட்டாங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உண்மைதானே என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அப்போது மேடையின் மறு கோடியில் இருந்த ரெட்டைப் பின்னல் பெண் கையைத் தூக்கினாள். உள்ளூர்ப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் முன்னி பேகம்.

"மறக்கலிங்க" என்றாள். குரல் சன்னமாக இருந்தது. ராமகிருஷ்ணன் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார். "மறக்கல. அதுக்கு முன்னாடி, ராத்திரி எல்லாரும் சாப்பிடற எடத்த எடுங்க. நான் படிக்கறேன்."

புத்தகத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தாள்.

"'அண்ணன் சோற்றைப் பிசைந்தான். அவன் விரலில் கடலெண்ணெய் வாசம் அடித்தது. கையில இன்னாடா எண்ணெய் என்று அம்மா கேட்டாள். சும்மா என்றான்.'"

புத்தகத்தை மூடினாள்.

"அவ்ளோதான் எழுதியிருக்காங்க. அப்பறம் அந்த எண்ணெயப் பத்திப் பேச்சே இல்ல. நான் மூணாவது தடவ படிக்கறப்பதான் எனக்கு வெளங்கிச்சி. அண்ணன்தான் கதவுக்கு எண்ணெ போட்டிருக்கான். தங்கச்சி போவப் போறான்னு அவனுக்குத் தெரியும். அவ தாண்டிப் போறப்ப அவன் தூங்கல. தூங்கறாப்பல கண்ண மூடிகினு படுத்திருந்தான்."

பிறகு ஒரு பாயில் யாரோ பக்கத்தைப் புரட்டினார்கள். அடுத்த பாயில். அதற்கும் அடுத்த பாயில். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே பக்கத்தைத் தேடிப் புரட்டும் ஓசை, ஓட்டுக்கூரைமேல் தூறல் பிடித்ததுபோல முன்னாலிருந்து பின்னால்வரை பரவியது.

"ஆமா" என்றது ஒரு குரல். "ஆமாங்க" என்றது இன்னொன்று.

காசி தன் புத்தகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படின்னா அவன் ஏன் அப்பறம்கூட யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா, அவ எங்க போனான்னு அவனக் கேப்பாங்க. கேட்டு, அவள இஸ்துகினு வந்துடுவாங்க" என்றாள் முன்னி பேகம். "அதான் சொல்லல. அவங்க அப்பா அவன்கிட்ட, நீ தூங்கு மூஞ்சி, ஒன்னாலதான் அவ போனான்னு திட்டறாரு இல்ல? அதையும் கேட்டுகினு சும்மா இருக்கான். எனக்கு இந்தக் கதையில வேம்புவவிட அவனத்தான் ஜாஸ்தி புடிக்கும்."

காசி மெல்ல உட்கார்ந்தான். "நான் இன்னொரு வாட்டி படிக்கணும்" என்றான்.

உண்ணாமலை திரும்பிப் பார்த்தாள்.

பின்வரிசையில் சகாதேவன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "உக்காருங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்தவர் சொன்னது காதில் விழவில்லை. ஜோதி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் மேடையில் இருந்த அந்த ரெட்டைப் பின்னல் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபுரத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்க்கிறவர்களின் முகம்போல இருந்தது அவர் முகம்.

கை தூக்கச் சொன்னபோது எண்ணவே வேண்டியிருக்கவில்லை. காசியின் கைதான் முதலில் உயர்ந்தது.

கேடயத்தை முன்னி பேகமே கொடுத்தாள். மரத்தில் செய்து பித்தளைத் தகடு பதித்தது. உண்ணாமலை அதை இரண்டு கையாலும் வாங்கினாள். என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"நான் எழுதினத என்னைவிட நல்லாப் படிச்சிருக்கீங்க" என்றாள்.

முன்பாயில் இருந்த ஒரு சின்னப் பெண் அனுமதி கேட்காமலே எழுந்துவிட்டாள். "வேம்பு நெசமான ஆளா? இப்ப எங்க இருக்கா?"

மைக் லேசாக இரைந்தது. உண்ணாமலை பின்வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"பஸ் ஏறினதோட கதைய நிறுத்திட்டேன் கண்ணு" என்றாள். "அதுக்கு மேல எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க யாருன்னா சொன்னா எழுதுவேன்."

வெளியே வந்தபோது உச்சி வெயில். மலை முழுசாக, பாறை பாறையாகத் தெரிந்தது. ஜோதியைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எழுத்தாளர் வீட்டில் என்ன குழம்பு வைப்பார் என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

சோடாக் கடைப் பந்தலின் நிழலில் சகாதேவன் நின்றிருந்தார். உண்ணாமலை கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். எது வந்தாலும் வரட்டும் என்று தோன்றியது.

"யாரு சொன்னது உனக்கு?" என்று கேட்டார்.

"எதங்க?"

"எண்ணெ."

"யாரும் சொல்லலிங்க. நானா எழுதினது."

அவர் அவளை நம்பாதவர்போலப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். ஒரு குதிரை வண்டி போனது.

"அது கடலெண்ணெ இல்ல" என்றார். "வெளக்கெண்ணெ."

உண்ணாமலைக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் அப்பா கழனிக்குப் போயிருந்தாரு. கதவு சொழல்ற குடுமியில ஊத்தி, ரெண்டு தடவ தொறந்து மூடிப் பாத்தேன். சத்தம் போச்சி" என்றார் சகாதேவன். "இத இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டகூட. அந்தப் பொண்ணு மேடையில நின்னுகினு, பக்கத்துல இருந்து பாத்தவ மாதிரி சொல்லுது. உனக்கு எப்படித் தெரிஞ்சிது உண்ணாமல?"

"தெரியாதுங்க." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மாமா சாவற வரைக்கும் அந்தக் கதவப் பாத்துப் பாத்துச் சொல்வாரு. தெருவையே எழுப்பற கதவு, அன்னைக்கு மட்டும் ஏன் வாயத் தொறக்கலன்னு. எனக்கு அதே யோசன. ராத்திரி டூட்டியில உக்காந்தா அதான் மனசுல ஓடும். அப்பறம் ஒரு நாள், அந்தப் பொண்ணுக்கு ஒரு அண்ணன் இருந்தானேன்னு நெனச்சேன். நீங்க எப்படிப்பட்ட மனுசன்னு எனக்குத் தெரியும். உங்கள மாதிரி ஒரு அண்ணன் இருந்தா இதத்தான் செஞ்சிருப்பான்னு எழுதிட்டேன். நெசமா நீங்க செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாது."

சகாதேவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துண்டை எடுக்கவே இல்லை.

"கோவமாங்க?"

"கோவம் இன்னாத்துக்கு?" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அந்தப் பையன் சொன்னாப்பல நானும் படிக்கணும். மொத பக்கத்துல இருந்து."

பஸ் நிலையத்தில் கூட்டம் அதிகம் இல்லை. திண்டிவனம் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. அது கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் போகும். கேடயத்தைப் பார்த்த கண்டக்டர் மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல இடம் ஒதுக்கிக் கொடுத்தார். டிக்கெட்டைச் சகாதேவன் எடுத்தார். ஜோதி ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த முன்னி பேகத்தின் விலாசம் வாங்கியிருப்பதாகவும் நாளைக்கே கடிதம் எழுதப் போவதாகவும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உண்ணாமலை கண்ணை மூடிக்கொண்டாள். புரண்டுகொண்டிருந்த பக்கங்களின் ஓசை இன்னும் காதில் இருந்தது.

"கீழ்பென்னாத்தூர்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

அவள் எழுந்தாள். ஜோதியும் எழுந்தாள். சகாதேவன் அசையவில்லை.

"ஏங்க, ஊர் வந்துடுச்சி."

"உக்காரு."

"ஏன், இன்னா ஆச்சி?"

"டிக்கெட்டு திண்டிவனத்துக்கு எடுத்திருக்கேன். உக்காருங்க ரெண்டு பேரும்."

இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். விசில் ஒலித்தது. பஸ் நகர்ந்து, அவர்கள் தெரு முனையைத் தாண்டி, செஞ்சி சாலையில் வேகம் எடுத்தது. சகாதேவன் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். மெல்லத்தான் பேசினார்.

"இன்னொண்ணும் தப்பா எழுதிட்ட நீ. நான் கண்ண மூடிக்கல. எழுந்து போயி கதவாண்ட நின்னேன். அவ என் கையப் புடிச்சிகினு ஒரே ஒரு பேச்சு சொன்னா. திண்டிவனத்துல டீச்சர் டிரெயினிங்ல சேரப் போறேன், எடம் கெடச்சிருக்குது, நானா இந்த வூட்டுக்கு வரமாட்டேன், நீ ஒரு நாள் வாண்ணான்னு சொன்னா."

உண்ணாமலை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா இருக்கற வரைக்கும் போவ முடியல. அவரு போனப்பறம், இவ்ளோ நாள் கழிச்சி எந்த மூஞ்சிய வெச்சிகினு போறதுன்னு இருந்துட்டேன். இன்னைக்கு அத்தினி பசங்க உக்காந்துகினு, அவ எங்க, அவ எங்கன்னு கேக்குதுங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லம்மா இன்னும் அங்கதான் இருக்கறாளான்னு எனக்குத் தெரியாது. அங்க போனான்னு மட்டும்தான் தெரியும்."

அந்தப் பெயரை அவர் வாயால் உண்ணாமலை கேட்பது அதுதான் முதல் தடவை.

"யாருப்பா எல்லம்மா?" என்றாள் ஜோதி.

"உன் அத்தை. என் கூடப் பொறந்தவ."

ஜோதி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் மடியில் இருந்த கேடயத்தைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது. அந்தப் புத்தகத்தை அவள் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

"வேம்பு" என்றாள், குரல் எழாமல் காற்றுதான் வந்தது.

சகாதேவன் தலையசைத்தார்.

செஞ்சிக் கோட்டைப் பாறைகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்தன. ஜோதி இடம் மாறி வந்து அப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கிரீஸ் படிந்த அவர் விரல்களை இரண்டு கைகளாலும் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அத்தை படிச்சி முடிச்சாங்களாப்பா?"

"தெரியல" என்றார் சகாதேவன். "போயி கேக்கலாம்."